விழுந்த கம்புக்கும் மெடலா?

அந்த 'உலக சாதனை' வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். பிள்ளைகள் வெயிலில் நின்று மணிக்கணக்கில் சிலம்பம் சுற்றினார்கள், சரி. மூன்றாவது வரிசையில் பச்சை டீஷர்ட் போட்ட பொடியனுக்குக் கம்பு கைநழுவி விழுகிறது. மாஸ்டர் ஓடிவந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, கேமராவை மறைத்துக்கொண்டு நிற்கிறார். கடைசியில் 'இடைவிடாமல் சுற்றிய' அத்தனை பேருக்கும் மெடல், சான்றிதழ். கட்டணம் தனி.

விழுந்தால் விழுந்தது என்று சொல்லுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

"குழந்தைகளை ஊக்கப்படுத்தினால் உங்களுக்கு ஏன் உறுத்துகிறது?" என்பீர்கள். ஊக்கப்படுத்துங்கள். கைதட்டுங்கள், மிட்டாய் கொடுங்கள். பொய்யை எதற்கு லேமினேட் செய்து கொடுக்கிறீர்கள்? "நீ மட்டும் ஃபீஸ் வாங்கவில்லையா?" வாங்குகிறேன். கற்றுக்கொடுப்பதற்கு.

என் ஆசானிடம் சேர்ந்தபோது கம்பையே கண்ணில் காட்டவில்லை. காலடிதான், அதாவது கால் எடுத்து வைக்கும் முறை. வெறுங்கையோடு தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் தொடுமுறை வந்தது. கம்பு நுனியில் கரியைத் தடவிக்கொள்வோம்; எதிராளியின் வெள்ளை பனியனில் கறை பட்டால் தொட்டதாகக் கணக்கு. கறை படாமல் லேசாக உரசிப் போனால்? பட்டவன்தான் "பட்டுச்சு ஆசானே" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் ஆடினால் அவர் திட்டமாட்டார். கம்பை வாங்கிச் சுவரில் சாத்திவிடுவார். அன்றைக்கு மறுபடியும் காலடி. அந்த மௌனத்துக்குத் திட்டே வாங்கியிருக்கலாம்.

இன்று அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டியிலும் காட்சி விளையாட்டாக இடம்பிடித்தது. இதைச் சாக்காக வைத்துத்தான் காசுக்கு விற்கிற காகிதத்தைக் காட்டி, "நாளைக்கு வேலைக்கு உதவும்" என்று பெற்றோரை நம்பவைக்கிறார்கள். அந்த ஒதுக்கீட்டுக்கு அங்கீகாரமுள்ள போட்டியில் ஜெயித்திருக்க வேண்டும் ஐயா. தனியார் சாதனைப் புத்தகத்தை அங்கே யார் சீண்டுவார்?

"எல்லா மாஸ்டர்களும் அப்படியில்லை" என்று ஒருவர் கட்டாயம் வருவார். தெரியும். அப்படியில்லாதவர்களின் வகுப்புதான் காலியாகிக்கொண்டிருக்கிறது.

போன மாதம் ஒரு அம்மா கேட்டார், "சார், நம்ம கிளாஸ்ல ரெக்கார்டு எப்போ?" அதெல்லாம் இங்கே இல்லைம்மா என்றேன். அடுத்த வாரத்திலிருந்து பையன் வரவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. நல்ல காலடி அவனுக்கு. அடுத்த ஆயுதமான மான்கொம்பை ஆரம்பிக்கலாம் என்று இருந்தேன். மாதக் கடைசியானால் இடத்துக்கு வாடகையும் நான்தான் கொடுக்க வேண்டும், அது வேறு.

பொறாமை என்று எழுத வருகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். பதில் போட மாட்டேன். சாயங்காலம் வகுப்பு இருக்கிறது, மிச்சமிருக்கும் பிள்ளைகளுக்கு.