விற்பனைக்கு: ஜென்சன் இன்டர்செப்டர், ஓட்டுபவர் தேவையில்லை

(இங்கிலாந்தின் வூஸ்டர் நகரை ஒட்டிய ஒரு வீட்டின் கராஜ். நடுவில் பருத்தித் துணி போர்த்தியபடி 1972ஆம் ஆண்டு ஜென்சன் இன்டர்செப்டர் கார், அதன் மூன்றாம் பதிப்பான மார்க் 3. விற்பவர் ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர். வாங்க வந்தவர் பள்ளியில் புவியியல் கற்பிப்பவர். அத்தை விட்டுச்சென்ற பணத்தைச் செலவழிக்காமல் விடுவதில்லை என்ற உறுதியோடு வந்திருக்கிறார். விலை 60,000 பவுண்டு என்று விளம்பரத்திலேயே சொல்லியாகிவிட்டது.)

வாங்குபவர்: வணக்கம் ஐயா. மிக நன்றாகப் பேணப்பட்ட கார் என்று விளம்பரத்தில் படித்துவிட்டு வந்திருக்கிறேன். பார்க்கலாமா?

விற்பவர்: தாராளமாகப் பார்க்கலாம். முதலில் கைக்கடிகாரத்தையும் இடுப்புப் பெல்ட்டையும் கழற்றி அந்த மேசைமேல் வைத்துவிடுங்கள். சென்ற வாரம் வந்தவருடைய பெல்ட் பக்கிள் கதவிலிருந்து ஒரு விரற்கடை தூரம் வரை வந்துவிட்டது. எனக்கு அன்றிரவு உறக்கமே வரவில்லை.

வாங்குபவர் (கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு): துணியை விலக்குங்கள் ஐயா. ஆகா! பின்பக்கக் கண்ணாடி எவ்வளவு பெரியது! முழுக் கண்ணாடியும் அப்படியே மேலே திறக்குமா?

விற்பவர்: திறக்கும், ஆனால் திறப்பதில்லை. மிலான் நகரத்து டூரிங் நிறுவனம் வரைந்த வடிவம் அது. தொடக்கத்தில் காரின் உடற்கூடுகளை இத்தாலியில் விக்னாலே நிறுவனம் செய்து அனுப்பிக்கொண்டிருந்தது; பிறகு அந்த வேலையையும் வெஸ்ட் பிராம்விச்சில் இருந்த ஜென்சன் தொழிற்சாலையே ஏற்றுக்கொண்டது. உள்ளே இருப்பது அமெரிக்காவின் கிரைஸ்லர் இன்ஜின், 7.2 லிட்டர் வி8. ஆட்டோமேட்டிக் கியரும் அவர்களுடையதே.

வாங்குபவர்: வடிவம் இத்தாலியுடையது, இன்ஜினும் கியரும் அமெரிக்காவுடையவை என்றால், இந்தக் காரில் பிரிட்டனின் பங்குதான் என்ன?

விற்பவர்: துரு. ஆனால் என் காரில் அதுவும் கிடையாது.

(வாங்குபவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுக்கிறார். விவரம் தெரிந்தவர்தான். தகரம் இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டும். துருவை வழித்து எறிந்துவிட்டுப் பட்டி பூசி மறைத்த இடத்தில் வழுக்கிக் கீழே விழும்.)

விற்பவர்: காந்தத்துக்கு அடியில் இந்தக் கைக்குட்டையை வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குபவர்: சக்கர வளைவுகள் நான்கிலும் நன்றாக ஒட்டுகிறது. கதவுக்குக் கீழே ஓடும் இந்த எவர்சில்வர் தகட்டைக் கழற்றிப் பார்க்கலாமா? இந்த வகைக் கார்கள் தங்கள் பாவங்களை எல்லாம் அதற்குப் பின்னால்தான் ஒளித்துவைத்திருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

விற்பவர்: கழற்றவே வேண்டாம். நானே கழற்றிப் படம் எடுத்து, மெழுகு பீய்ச்சி, மறுபடியும் மாட்டிவைத்திருக்கிறேன். இதோ ஆல்பம். என் மகளின் திருமண ஆல்பம் இதைவிட மெலிந்தது.

வாங்குபவர்: படங்களில் குறை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் டாஷ்போர்டில் இருக்கும் கடிகாரம் ஓடவில்லையே?

விற்பவர்: முதல் உரிமையாளர் காலத்திலேயே அது ஓடவில்லை. யாரும் கைவைக்காத, அசல் நிலையிலுள்ள கடிகாரம். பழுதுபார்த்திருந்தால் விலையைக் குறைத்திருப்பேன்.

வாங்குபவர்: இருக்கைத் தோலில் வெடிப்பு இருக்கிறதே?

விற்பவர்: அசல் வெடிப்பு.

வாங்குபவர்: சரி, டயருக்கு வருவோம். இதன் பக்கவாட்டில் 1404 என்று பொறித்திருக்கிறது. அப்படியென்றால் 2004ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்தது. என் மாணவர்கள் பலரைவிட இந்த டயர் மூத்தது!

விற்பவர்: தடவிப் பாருங்கள், புது டயரில் முளைத்திருக்கும் அந்த ரப்பர் முடிகூட இன்னும் உதிரவில்லை.

வாங்குபவர்: தேயாமல் இருந்தாலும் வயதானால் ரப்பர் இறுகிவிடும் ஐயா. இதை நம்பி நெடுஞ்சாலையில் போக முடியாது. நான்கு டயருக்காக எவ்வளவு குறைப்பீர்கள்?

விற்பவர்: நெடுஞ்சாலையில் போவதால்தானே புது டயர் வேண்டும்? போகாவிட்டால் இவை போதும். ஆகவே குறைப்பதற்கு முகாந்திரம் இல்லை.

(வாங்குபவர் முன்னிருக்கையில் அமர்ந்து மைல்மீட்டரைப் பார்க்கிறார். 21,386. பழைய ஐந்திலக்க மீட்டர் ஒரு லட்சத்தைத் தொட்டதும் மீண்டும் சுழியத்துக்குத் திரும்பிவிடும் என்பது அவருக்குத் தெரியும்.)

வாங்குபவர்: இந்த மீட்டர் ஒரு சுற்று முடித்துவிட்டு வந்து நிற்கவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்?

விற்பவர்: நான் 1989இல் வாங்கியது முதல் ஆண்டுதோறும் செய்த எம்.ஓ.டி. தகுதிச் சோதனையின் சான்றிதழ்களை வரிசையாகக் கோத்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் அன்றைய மைல் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது.

வாங்குபவர் (புரட்டிக்கொண்டே): ஓர் ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் இடையில் ஆறு மைல்தான் கூடியிருக்கிறது. அதற்கடுத்த ஆண்டும் ஆறு. எல்லா ஆண்டும் ஆறு மைல் மட்டும் எங்கே போய் வந்தீர்கள்?

விற்பவர்: சோதனை நிலையம் மூன்று மைல் தொலைவில் இருக்கிறது.

வாங்குபவர்: 2018க்குப் பிறகு சான்றிதழே இல்லையே?

விற்பவர்: அந்த ஆண்டு மே மாதத்தில், 40 வயது கடந்த, பெரிய மாற்றங்கள் எதுவும் செய்யாத கார்களுக்குச் சோதனை தேவையில்லை என்று அரசு விலக்கு அளித்துவிட்டது. அதோடு இதற்குப் போக இடமில்லாமல் போயிற்று.

வாங்குபவர்: ஐயா, காலையில் இங்கே புறப்பட்டு, கடலைக் கடந்து, பிரான்ஸ் முழுவதையும் தாண்டி நீஸ் நகரத்தில் போய் இறங்குவதற்காகவே செய்த ரகமல்லவா இது? கிராண்ட் டூரர் அல்லவா? பின்னால், வெளிநாட்டில் ஓட்டும்போது கிரேட் பிரிட்டன் கார் என்று காட்டும் பழைய ஜிபி முத்திரை வேறு ஒட்டியிருக்கிறது.

விற்பவர்: அது முதல் உரிமையாளர் ஒட்டியது. அவர் ஒரு மருத்துவர். 1973 கோடையில் நீஸுக்கே போய்வந்தார். அந்த அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்தது. டிசம்பரில் யாரும் மணிக்கு 50 மைலுக்கு மேல் போகக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். 130 மைலைத் தாண்டக்கூடிய காரை வைத்துக்கொண்டு மனிதர் என்ன செய்வார்? நிறுத்திவிட்டார். காரைச் செய்த நிறுவனமும் 1976இல் மூடிவிட்டது. டாஷ்போர்டில் இருக்கும் சிறு அறையைத் திறந்து பாருங்கள், பெட்ரோல் பங்கீட்டுக் கூப்பன் புத்தகம் இருக்கும். அரசு கூப்பனை வழங்கியதே தவிர, பங்கீட்டை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. ஆகவே ஒரு தாளும் கிழியவில்லை.

வாங்குபவர்: காருக்கு ஏற்ற புத்தகம்தான். இருக்கட்டும், நான் நிச்சயமாக நீஸுக்கு ஓட்டிக்கொண்டு போகப் போகிறேன்.

விற்பவர் (பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்து): டேங்கில் இப்போது இருப்பது ஏறத்தாழ 70 லிட்டர். லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கிடைத்தால் அது உங்கள் நல்ல காலம். புவியியல் கற்பிக்கிறீர்களே, இங்கிருந்து டோவர் துறைமுகம் எவ்வளவு தூரம்?

வாங்குபவர்: ஏறக்குறைய 320 கிலோமீட்டர்.

விற்பவர்: கடல் கண்ணில் படுவதற்கு முன்பே டேங்க் காலியாகிவிடும். போதாக்குறைக்கு, நெரிசலில் நின்றால் இந்த இன்ஜின் கொதிக்கத் தொடங்கிவிடும்.

வாங்குபவர்: உங்களிடம் எப்போதாவது கொதித்ததா?

விற்பவர்: ஓட்டினால்தானே கொதிக்கும்!

வாங்குபவர்: ஒருமுறை ஸ்டார்ட் செய்தாவது காட்டுங்கள்.

(விற்பவர் சாவியைத் திருப்புகிறார். அடிவயிற்றில் உறுமும் சத்தம். அலமாரியில் இருந்த பெயின்ட் டப்பாக்கள் மெல்ல நடனமாடுகின்றன. இருவரும் பேச்சை மறந்து நிற்கிறார்கள். பெட்ரோல் முள் அசைவதைத் தன் கண்ணாலேயே பார்த்ததாக வாங்குபவர் இன்றுவரை சத்தியம் செய்கிறார். அவ்வளவு நம்ப வேண்டியதில்லை.)

வாங்குபவர்: முடிவு செய்துவிட்டேன். 60,000 பவுண்டையே தருகிறேன். என் வீடு 40 மைல் தொலைவில் இருக்கிறது. இப்போதே ஓட்டிக்கொண்டு போகிறேன்.

விற்பவர்: 40 மைலா! என் கணக்கில் அது ஆறு ஆண்டுக்கு மேல். தயவுசெய்து மூடிய டிரெய்லர் ஒன்றை வரவழைத்து அதில் ஏற்றிச் செல்லுங்கள். ஒப்புக்கொண்டால் 2,000 பவுண்டு குறைத்துக்கொள்கிறேன்.

வாங்குபவர்: கடிகாரத்துக்கும் டயருக்கும் ஒரு பென்னிகூடக் குறைக்காதவர், நான் ஓட்டாமல் இருப்பதற்காக 2,000 குறைக்கிறீர்களா?

விற்பவர்: ஆம்.

வாங்குபவர் (விரல்களை மடக்கி எண்ணியபடி): 40 மைலுக்கு 2,000 என்றால் மைலுக்கு 50 பவுண்டு ஆகிறது. நீஸ் போய்வர ஏறத்தாழ 1,900 மைல். அந்தப் பயணத்தையும் நான் கைவிட்டால் நீங்கள் குறைக்க வேண்டியது 95,000 பவுண்டு. காரின் விலை 60,000தான். ஆகவே காரை எனக்குக் கொடுத்து, அதோடு மேற்கொண்டு 35,000 பவுண்டையும் நீங்களே தர வேண்டியிருக்கும்.

விற்பவர் (காரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு): தவணையாகத் தரலாமா?