பாதிச் சண்டையில் பொருளை அழிக்கலாமா?

கரூர் மாவட்டம் பூலாம்வலசில் பொங்கலுக்குச் சேவல்கட்டு பார்த்தவர்களுக்குக் கோச்சை என்றால் என்னவென்று தெரியும். தோற்ற சேவல் கோச்சை. அது ஜெயித்த சேவலின் சொந்தக்காரருக்குப் போகும். தோற்கப் போவது தெரிந்ததும் சேவலைத் தூக்கிக்கொண்டு ஓடினால் களத்தில் யாரும் சும்மா விடமாட்டார்கள்.

போன வாரம் எங்கள் மைன்கிராஃப்ட் (கட்டைகளை வெட்டியெடுத்துக் கட்டும் கணினி விளையாட்டு) சர்வரில் நடந்தது கிட்டத்தட்ட அதுதான். திருப்பூரில் ஷிஃப்ட் முடிந்து இரவு பத்து மணிக்கு மேல் நாங்கள் பன்னிரண்டு பேர் விளையாடும் சர்வர். செத்தால் வைத்திருந்ததெல்லாம் கீழே விழும், கொன்றவன் எடுத்துக்கொள்ளலாம். சேரும்போதே எல்லோரும் ஒத்துக்கொண்ட விதி. அன்றைக்கு இரண்டு தம்பிகள் மோதினார்கள். ஒருவனுக்கு உயிர் இரண்டு இதயம்தான் மிச்சம். எங்கள் சர்வரில் ஒரு குப்பைப் பெட்டி உண்டு, அதில் போட்டு மூடினால் பொருள் அழிந்துவிடும். உடனே அதைத் திறக்கும் கட்டளையை அடித்து, வாள், வைரம், மந்திரப் புத்தகம் எல்லாவற்றையும் கொட்டி மூடிவிட்டுச் செத்தான். அரை மணி நேரம் துரத்தியவனுக்குக் கிடைத்தது தேய்ந்துபோன கவசம் மட்டும்.

கேட்டால், "அது என்ர பொருளுங்ணா. நான் வெட்டியெடுத்தது, நானே அழிச்சேன்" என்கிறான்.

மற்ற நேரத்தில் அவன் சொல்வது நியாயம். ஆனால் முதல் அடி விழுந்த பிறகு அந்தப் பொருள் யாருக்கு என்பது சண்டை முடிந்தால்தான் தெரியும். அதுவரை அதை இல்லாமல் ஆக்கும் உரிமை ஒருவனுக்கும் கிடையாது.

"அப்போ லாவாவில், அந்த நெருப்புக் குழம்பில், போட்டால் மட்டும் சரியா?" என்று இன்னொரு தம்பி கேட்டான். சரிதான் என்பேன். லாவா பக்கத்தில் இருக்க வேண்டும், அடி வாங்கிக்கொண்டே அங்கே போக வேண்டும், எதிராளி பார்த்துத் தடுக்கலாம். 2020-இல் வந்த 1.16 பதிப்பிலிருந்து, வைரத்தைவிட வலுவான நெதரைட் பொருள்கள் லாவாவில் எரிவதும் இல்லை. செத்தால் பொருள் மறைந்துபோகும்படி அதன்மேல் போடும் சாப மந்திரம் ஒன்று 2016-இலிருந்தே இருக்கிறது. அதிலும் எனக்குக் குறை இல்லை, சண்டைக்கு முன்பே போட்டு வைப்பது அது. ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டில் கப்பல் வெடித்தால் உள்ளிருக்கும் ஒவ்வொரு பொருளும் தப்பிக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்புதான். அங்கே அதை முடிவு செய்வது விளையாட்டு, தோற்றவன் இல்லை. குப்பைப் பெட்டிக்கு இடமும் வேண்டாம், நேரமும் வேண்டாம், ஆபத்தும் இல்லை. என் கோபமெல்லாம் அதன்மேல்தான்.

சரி, சர்வரை நடத்துவது நான்தான், அதனால் அடி விழுந்து 15 விநாடிக்கு அந்தக் கட்டளை வேலை செய்யாதபடி வைத்தேன். மறுநாளே ஒருவன் சண்டைக்கு முன்பே பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். பொருள் அழிவது பெட்டியை மூடும்போது. நான் காவல் போட்டது திறக்கும் இடத்தில். என் தப்பு அது. இப்போது அடி விழுந்ததும் சர்வரே பெட்டியை மூடி, உள்ளே இருப்பதைப் பைக்குத் திருப்பிவிடும். பை நிறைந்திருந்தால் காலடியில் விழும். இதில் வரிசை ரொம்ப முக்கியம்: முதலில் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும், அப்புறம்தான் பையில் போட வேண்டும். மாறிப்போனால் ஒரு வாள் இரண்டாகிவிடும். பொருள் அழிவதைவிடப் பொருள் பெருகுவது சர்வரைச் சீக்கிரம் கெடுக்கும்.

சண்டையில் ஒருவனுக்கு நெட் போனால் விளையாட்டில் அவனை உடனே சாகடிக்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். கரண்ட் போவது யார் கையிலும் இல்லை. அவன் உருவம் 15 விநாடி அங்கேயே நிற்கும், எதிராளியால் முடிந்தால் அடிக்கட்டும். ஈவிலும் வீரர்களுக்குள் நடக்கும் சண்டையில் வெளியேறினால் கப்பல் 15 நிமிடம் வெளியே நிற்கும்.

அன்றைக்கு அழித்த தம்பிக்குத் தண்டனை இல்லை. அப்போது இந்த விதி இல்லை. துரத்தியவனிடம் இதை நேரிலேயே சொல்லிவிட்டேன், அவனுக்கு இன்னும் வருத்தம்தான். புது விதி இன்று இரவு பத்து மணியிலிருந்து. பெட்டியை எடுக்கவில்லை, சுரங்கம் தோண்டுகிறவர்களுக்குக் கல்லைக் கொட்ட அது வேண்டும்.