செவ்வாயில் ஜாய்ஸ்டிக் வேலை செய்யாது

எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் செவ்வாய்க் கிரகக் கண்காட்சி போட்டிருந்தார்கள். ஏர்வாடி, வலிநோக்கம், கீழக்கரைப் பிள்ளைகள் எல்லாம் வந்திருந்தார்கள். தொடுதிரை, கண்ணில் மாட்டும் விஆர் பெட்டி, ஓட்டிப் பார்க்க ஒரு குட்டி ரோவர், அதாவது கிரகத்தின் தரையில் ஓடும் ஆளில்லா வண்டி. இந்தக் கடற்கரைக்கு இப்படி ஒன்று வருவதே அபூர்வம். நடத்தியவர்களுக்கு நன்றி.

ஆனால் அந்த ரோவர் விளையாட்டோடு எனக்குச் சண்டை இருக்கிறது. ஜாய்ஸ்டிக்கைத் திருப்பினால் வண்டி அந்த நொடியே திரும்புகிறது. செவ்வாயில் அது நடக்கவே நடக்காது. இங்கிருந்து சிக்னல் போய்ச் சேரவே, தூரத்தைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். பள்ளம் தெரிகிறது என்று படம் வந்து, நாம் பிரேக் போட்டு, அது அங்கே போவதற்குள் வண்டி கவிழ்ந்து கிடக்கும். அதனால்தான் செய்யவேண்டிய வேலையை மொத்தமாக எழுதி அனுப்பிவிடுகிறார்கள். வழியில் கல் கிடந்தால் வண்டியே பார்த்து ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான். 2014 செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் விண்கலம் செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்ததும் இப்படித்தான். பல மாதம் சும்மா கிடந்த பெரிய என்ஜின், முன்கூட்டியே ஏற்றிவைத்த கட்டளைப்படி தானே எரிந்தது. அங்கே நடந்தது பூமிக்குத் தெரிய 12 நிமிடத்துக்கு மேல். அதுவரை பெங்களூரில் யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது அதைத்தானே? பொத்தானை அமுக்கினால் மூன்று நிமிடம் கழித்து வண்டி நகரட்டும். கத்துவார்கள், திட்டுவார்கள். அப்புறம் ஒருத்தன் "முன்னாடியே யோசிச்சு அனுப்பணும்டா" என்பான். வரிசை நீளும்தான். நீளட்டும்.

விஆர் பெட்டியில் சிவப்புப் பாறை, சிவப்புத் தூசி, அவ்வளவுதான். சினிமா செட் போட்டதுபோல. 2011இல் நாசாவின் ஆப்பர்ச்சூனிட்டி ரோவர் செவ்வாயில் ஒரு பாறையில் ஜிப்சம் என்ற தாது வெள்ளைக் கோடாக ஓடுவதைக் கண்டது. கட்டைவிரல் அகலம்தான். ஒரு காலத்தில் பாறை இடுக்கில் தண்ணீர் ஓடியதற்கு அது சாட்சி. உப்பளத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஜிப்சத்தைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கடல்தண்ணீர் வற்ற வற்ற, உப்புக்கு முன்னால் படிவது அதுதான். வலிநோக்கத்துப் பிள்ளைகள் பாத்தி ஓரம் அதை மிதித்துக்கொண்டே நடந்திருப்பார்கள்.

ஒரு தட்டில் அந்தக் கட்டியை வைத்து, பக்கத்தில் ரோவர் எடுத்த படத்தை ஒட்டியிருக்கலாம். "இது சிலபஸில் இல்லையே சார்" என்றார் அங்கே நின்ற தன்னார்வலத் தம்பி. இல்லாவிட்டால் என்ன? அடுத்த தடவை வரும்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள் தம்பி, நல்ல கட்டியாகப் பார்த்து நானே பொறுக்கிக் கொண்டுவருகிறேன். ஒரு சாக்குப்பை போதும்.