பம்ப் மாற்று இதயம் ஆகாது

குழந்தைகளின் இதயத்துக்குத் துணை நிற்கும் பம்ப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை, மன்னார்குடிக்குப் பக்கத்து ஊரிலிருந்து படித்தேன். அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். இனி மாற்று இதயமே வேண்டாம் என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். பெற்றோருக்கு அப்படி நம்பிக்கை கொடுக்காதீர்கள், ஐயா.

பெர்லின் ஹார்ட் எக்ஸ்கார் என்ற இந்தப் பம்ப் உடலுக்கு வெளியே இருந்து, குழாய்கள் வழியாக ரத்தத்தைத் தள்ளுகிறது. கைக்குழந்தைக்கென்று 10 மில்லி பம்ப்கூட உண்டு. பெரிய சாதனைதான். ஆனால் 2011-இல் அமெரிக்கா அதற்கு அனுமதி தந்தது, மாற்று இதயம் கிடைக்கும்வரை பிள்ளை தாக்குப்பிடிப்பதற்காக. பம்ப்புக்குள் ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். இதயத்தில் ரத்தத்தைத் தள்ளும் கீழறை இரண்டுக்குப் பதில் ஒன்று மட்டுமே சரியாக இயங்கும்படி பிறந்த பிள்ளைகளுக்குச் சிக்கல் இன்னும் அதிகம்.

சின்ன உடம்புக்குப் பொருந்தும் இதயம், பிள்ளையைப் பறிகொடுத்த இன்னொரு வீட்டிலிருந்துதான் பெரும்பாலும் வரவேண்டும். 2008-இல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த 15 வயது ஹிதேந்திரனின் பெற்றோர் கொடுத்த இதயம் ஒரு சிறுமிக்குப் போனது. அந்தத் தாய் தகப்பனைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

எங்கள் டெல்டாவில் பிரச்சினை அதற்கும் முன்னாலேயே தொடங்குகிறது. இதயக் கோளாறு உள்ள கைக்குழந்தைக்குப் பால் குடிக்கையில் நெற்றி வியர்க்கும், நாலு வாய் குடித்ததும் மூச்சு வாங்கும், எடை ஏறாது. சளி என்று கைவைத்தியம் பார்ப்பார்கள். பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.-யின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வரும் நாளில் நடவு வேலை இருந்தால் பிள்ளையைக் கூட்டிவர ஆளிருக்காது. அடுத்த முறை இந்த அறிகுறிகளை முதல் பத்தியிலேயே போடுங்கள். அச்செடுத்து எங்கள் மையத்துச் சுவரில் ஒட்டுகிறேன்.