சம்பளம் இல்லாம வேலை பாக்கணும், ஸ்ட்ரைக் பண்ணா ஜெயில்

2026 ஜனவரி 30 நெருங்கின நேரத்துல எழுதினது இது, இங்க அமெரிக்காவுல மறுபடி ஷட்டவுன் (பட்ஜெட் பாஸாகாம கவர்மென்ட் ஆஃபீஸை மூடுறது) பேச்சு ஆரம்பிச்சிருந்துச்சு. 2025 நவம்பர் 12ல அவசர அவசரமா இடைக்காலப் பணம் ஒதுக்கி கவர்மென்ட்டைத் திறந்தாங்கல்ல, அந்தப் பணம் நிறைய டிபார்ட்மென்ட்டுக்கு ஜனவரி 30 வரைக்கும்தான். விவசாயம், வெட்டரன்ஸ் (முன்னாள் ராணுவத்தினர்) மாதிரி சிலதுக்கு மட்டும் செப்டம்பர் வரை முழு வருஷப் பணம் ஒதுக்கியாச்சு, மத்தவங்க எல்லாம் திரும்ப காலண்டரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. 43 நாள், அதுவரைக்கும் அமெரிக்க வரலாற்றுலயே நீளமான ஷட்டவுன், அது முடிஞ்சு ரெண்டு மாசம்தான் ஆகியிருந்துச்சு, அப்ப வாங்குன கிரெடிட் கார்டு கடனையே பல பேர் கட்டி முடிச்சிருக்கல.

இதை எழுத காரணம், நம்ம தமிழ் வாட்ஸப் குரூப் ஒண்ணுல ஒருத்தர் ஃபெடரல், அதாவது மத்திய அரசு ஊழியர்களைப் பத்தி "அவங்களுக்கென்னங்க, லீவுல வீட்ல உக்காந்துட்டு அப்புறம் மொத்தமா சம்பளம் வாங்கிக்குவாங்க, யூனியன் வேற இருக்கு"ன்னு போட்டிருந்தார், அதுக்கு இருபது பேர் தம்ஸ்அப். அங்கயே பதில் சொன்னா சண்டையாகும், அதனால இங்க சாவகாசமா எழுதுறேன்.

முதல்ல லீவுங்கிற கதை. 2025 அக்டோபர்ல சுமார் 14 லட்சம் ஃபெடரல் ஊழியர்களுக்கு சம்பளம் நின்னுச்சு. அதுல ஏறக்குறைய பாதிப் பேர்தான் ஃபர்லோ, அதாவது வேலைக்கும் வராதே சம்பளமும் கிடையாது. மீதிப் பாதி வேலைக்கு வந்தே ஆகணும், ஆனா சம்பளம் கிடையாது. ஏர்போர்ட்ல நம்ம பெட்டியை செக் பண்றவங்க, ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர், ஃபெடரல் ஜெயில் காவலர் எல்லாம் இந்த ரெண்டாவது கூட்டம். வீட்டு வாடகை, பெட்ரோல், பிள்ளைங்க டேகேர் ஃபீஸ் எதுவும் இவங்களுக்காக நிக்காது. ஃபர்லோல இருக்கிறவனாவது அன்எம்ப்ளாய்மென்ட் காசுக்கு அப்ளை பண்ணலாம் (பின்னாடி சம்பளம் வந்ததும் அதைத் திருப்பிக் கட்டணும், அது வேற கதை). முழுநேரம் வேலை பாக்குறவனுக்கு பெரும்பாலும் அதுவும் கிடையாது, ஏன்னா அவனுக்குத்தான் வேலை இருக்கே!

எங்க பக்கத்து வீட்டம்மா ஒரு ஃபெடரல் ஏஜென்சில ரொம்ப வருஷமா இருக்காங்க, யூனியன் மெம்பர். ஷட்டவுன் ஆரம்பிச்ச முதல் நாள் ஆஃபீஸ் போனாங்க. கடையை எடுத்து வைக்க அதிகபட்சம் நாலு மணி நேரம் குடுப்பாங்களாம், அதுக்குள்ள ஈமெயில்ல "நான் இப்ப பதில் சொல்ல முடியாது"ன்னு ஆட்டோ ரிப்ளை போடணும், பாதியில நிக்கிற ஃபைலை யார்கிட்டயாவது ஒப்படைக்கணும், கையெழுத்து போட்டுட்டு கிளம்பணும். அதுக்கப்புறம் ஆஃபீஸ் லேப்டாப்பைத் திறந்து வேலை எதுவும் பாக்கக்கூடாது. ஆசையா, இலவசமா செஞ்சு தர்றேன்னாலும் கூடாது, சட்டவிரோதம். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வர்ற பே ஸ்லிப் மட்டும் ஒழுங்கா வந்துச்சு. போன்ல திறந்து காட்டுனாங்க, மேல பேரு, கிரேடு, எல்லாம் இருக்கு, கீழ கைக்கு வர்ற தொகைங்கிற இடத்துல சைபர். ஹெல்த் இன்சூரன்ஸ் ஓடிட்டுதான் இருக்கும், அதுக்கான பிரீமியம் கடனா ஏறிக்கிட்டே போய் பின்னாடி சம்பளத்துல மொத்தமா வெட்டுவாங்க.

இது எப்படி வந்துச்சுன்னு பாத்தா எனக்கு இன்னும் கடுப்பாகும். பட்ஜெட் பாஸாகாத இடைவெளி அமெரிக்காவுல முன்னாடியும் வந்திருக்கு, ஆனா அப்பல்லாம் ஆஃபீஸ் பாட்டுக்கு ஓடும், காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) பின்னாடி பணம் ஒதுக்கும். ஒதுக்காத பணத்தைச் செலவழிக்கக்கூடாதுன்னு 19ம் நூற்றாண்டுலயே ஒரு சட்டம் உண்டு, ஆன்டிடெஃபிஷியன்ஸி ஆக்ட்னு. 1980ல ஜனாதிபதி கார்ட்டரோட அட்டர்னி ஜெனரல் (கவர்மென்ட்டோட தலைமை வக்கீல்) பெஞ்சமின் சிவிலெட்டி, அந்தச் சட்டப்படி பணம் இல்லைன்னா கடையை மூடியே ஆகணும்னு ஒரு கருத்து எழுதினார், அடுத்த வருஷம் உயிருக்கும் சொத்துக்கும் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது மட்டும் விதிவிலக்குன்னு இன்னொண்ணு. இன்னைக்கு ஜெயில் காவலர் சம்பளமில்லாம டபுள் டியூட்டி பாக்குறது அந்த ரெண்டு காகிதத்துல இருந்து வந்ததுதான். நம்ம இந்தியாவுல இந்தக் கூத்து கிடையாது, பட்ஜெட் லேட்டானா வோட் ஆன் அக்கவுன்ட் (இடைக்காலச் செலவுக்கு ஒப்புதல்) போட்டு சம்பளம் குடுப்பாங்க, பண மசோதா மக்களவைல தோத்தா கவர்மென்ட்டே வீட்டுக்குப் போகணும். இங்க கவர்மென்ட் போகாது, கிளார்க்கு போவான்.

சரி, யூனியன் இருக்கேன்னு கேட்டார்ல, அங்கதான் விஷயமே.

ஃபெடரல் ஊழியர் யூனியன் சம்பள உயர்வுக்குப் பேரம் பேசுற யூனியன் இல்ல, பெரும்பாலான இடத்துல சம்பளத்தை காங்கிரஸ்தான் முடிவு பண்ணும். யூனியன் பேசுறது ஷிஃப்ட், டிரான்ஸ்ஃபர், ஒழுங்கு நடவடிக்கை, பாதுகாப்பு இந்த மாதிரி. ஸ்ட்ரைக்? அது குற்றம். வேலை போறது மட்டும் இல்ல, ஒரு வருஷம் ஒரு நாள் வரைக்கும் ஜெயில்னு சட்டத்துலயே எழுதி வச்சிருக்கான். ஒரு பிரைவேட் ஃபேக்டரில முதலாளி சம்பளம் தரலைன்னா தொழிலாளி மறுநாள் கேட்டுக்கு வெளிய நிப்பான். இங்க முதலாளி சம்பளத்தை நிறுத்தலாம், தொழிலாளி வேலையை நிறுத்தக்கூடாது. என்னைக் கேட்டா இது பணம் இல்லாததால வர்ற பிரச்சனையே இல்ல, சட்டபூர்வமான லாக்கவுட் (கதவடைப்பு), அதுலயும் பாதிப் பேரை உள்ள வச்சுப் பூட்டுற லாக்கவுட்.

சட்டம் ஏட்டுல மட்டும் இருக்குன்னு நினைக்காதீங்க. 1981 ஆகஸ்ட் 3, ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர் யூனியன் பேட்கோ ஸ்ட்ரைக் பண்ணுச்சு. ஜனாதிபதி ரீகன் 48 மணி நேரம் கெடு குடுத்தார், திரும்பி வராத 11,000 பேருக்கு மேல ஒரே அடியா டிஸ்மிஸ். கொடுமை என்னன்னா அதுக்கு முந்தின வருஷம் எலக்ஷன்ல அதே ரீகனுக்கு ஆதரவு குடுத்தது அதே பேட்கோதான். யூனியனோட அங்கீகாரமும் போச்சு. இப்ப இருக்கிற கன்ட்ரோலர் யூனியன் நேட்கா 1987ல புதுசா உருவானது. தமிழ்நாட்டு அரசு ஊழியர் குடும்பத்துல பொறந்தவங்களுக்கு இது புரியும், 2003 ஜூலைல ஜெயலலிதா டெஸ்மா சட்டத்தைப் போட்டு ஒன்றரை லட்சம் பேருக்கு மேல டிஸ்மிஸ் பண்ணது, சுப்ரீம் கோர்ட்டு ஸ்ட்ரைக் பண்ண தார்மீக உரிமைகூட கிடையாதுன்னு சொன்னது எல்லாம். ஆனா அங்ககூட வேலைக்குப் போனவனுக்கு மாசக் கடைசில சம்பளம் வந்துச்சுங்க.

அதனால இங்க யூனியன் என்ன பண்ண முடியும்? நோட்டீஸ் குடுக்கலாம். நிஜமாவே குடுத்தாங்க, 2025 அக்டோபர் 28 கன்ட்ரோலர்களுக்கு முதல் முழு சைபர் சம்பள நாள், அன்னைக்கு நேட்கா ஆளுங்க டியூட்டி இல்லாத நேரத்துல பல ஏர்போர்ட் வாசல்ல நின்னு பயணிகள்கிட்ட துண்டு நோட்டீஸ் குடுத்தாங்க. அப்புறம் கேஸ் போடலாம். 2013 ஷட்டவுன்ல சம்பளமில்லாம வேலை பாத்தவங்க, லேட்டா குடுத்ததுக்கு நஷ்டஈடு வேணும்னு கோர்ட்டுக்குப் போனாங்க, கீழ் கோர்ட்டுல ஜெயிச்சாங்க, வருஷக்கணக்கா இழுத்து 2022ல ஃபெடரல் சர்க்யூட் கோர்ட்டு திருப்பி விட்டுருச்சு. காரணம் என்ன தெரியுமா, பணம் ஒதுக்காம சம்பளம் குடுக்க இன்னொரு சட்டம் தடுக்குது, அதனால லேட் பண்ணது தப்பில்லையாம். கவர்மென்ட் எழுதின சட்டம், கவர்மென்ட்டுக்கே சாக்கு.

சம்பளம் எப்படியும் வந்துரும்ங்கிற நம்பிக்கையும் ரொம்ப பழசு இல்ல. 2019 ஜனவரி வரைக்கும் ஒவ்வொரு ஷட்டவுனுக்கும் காங்கிரஸ் தனியா ஓட்டுப் போட்டுத்தான் குடுத்தது. டிரம்போட எல்லைச் சுவருக்காக 35 நாள் மூடினாங்களே, 8 லட்சம் பேர் மாட்டுனாங்களே, அப்ப ஜனவரி 16ல வந்த சட்டம்தான் இனிமே எல்லா ஷட்டவுனுக்கும் பாக்கி சம்பளம் நிச்சயம்னு சொல்லுச்சு. கையெழுத்து போட்டது அதே டிரம்ப். 2025 அக்டோபர்ல அவர் ஆட்களே "அந்தச் சட்டத்தை அப்படி வாசிக்க வேண்டியதில்லை"ன்னு ஒரு மெமோ தயார் பண்ணாங்க, டிரம்ப்கிட்ட கேட்டப்ப யாருங்கிறதைப் பொறுத்து இருக்குங்கிற மாதிரி சொன்னார். வீட்ல ரெண்டு சம்பளமும் ஃபெடரல் சம்பளமா இருக்கிற ஆளு அந்த நியூஸைக் கேட்டுட்டு ராத்திரி எப்படித் தூங்குவான்?

2018 டிசம்பர்ல இன்னொண்ணு நடந்துச்சு, எனக்கு மறக்கவே மறக்காது. அரசு ஊழியர்களோட எச்ஆர் மாதிரி இருக்கிற ஓபிஎம், வீட்டு ஓனருக்கு எழுத ஒரு மாதிரிக் கடிதம் வெளியிட்டாங்க. வாடகை முழுசா குடுக்க முடியல, அதுக்குப் பதிலா பெயின்ட் அடிக்கிறது, தச்சு வேலை மாதிரி ஏதாவது செஞ்சு தரலாமான்னு கேட்டு. பின்னாடி அது 2013ல தயார் பண்ணதுன்னும் தெரியாம வெளிய வந்துருச்சுன்னும் சொன்னாங்க. கடனை எழுதி வச்சிருந்தவங்களுக்கு அது சிரிப்பா இருந்திருக்குமா? அதே சமயம் அமைச்சர் வில்பர் ராஸ், டிவில உக்காந்து இவங்க ஏன் ஃபுட் பேங்க் போறாங்கன்னே புரியல, பேங்க்ல லோன் வாங்கலாமேன்னார். மனுஷன் பெரும் பணக்காரர்.

2025 ஷட்டவுன் ஏன் இன்னும் மோசம்னா, யூனியனோட கையை அதுக்கு முன்னாடியே கட்டிட்டாங்க. 2025 மார்ச் 27ல ஒரு எக்ஸிகியூடிவ் ஆர்டர், தேசப் பாதுகாப்புங்கிற பேர்ல ஏகப்பட்ட ஏஜென்சில கூட்டுப் பேர உரிமையை, அதாவது யூனியன் மூலமா பேரம் பேசுற உரிமையை எடுத்தது. வெட்டரன்ஸ் ஹாஸ்பிட்டல் நர்ஸுக்கும் தேசப் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க. சம்பளத்துல சந்தா பிடிச்சுக் குடுக்கிறதையும் நிறுத்தினாங்க, பெரிய யூனியனான ஏஎஃப்ஜிஇ தன் சொந்த ஸ்டாஃபையே பாதிக்கு மேல குறைக்க வேண்டி வந்துச்சு. செப்டம்பர்ல ஜெயில் காவலர் ஒப்பந்தத்தையும் ரத்து பண்ணாங்க, ஒரு வாரத்துக்குள்ள ஷட்டவுன். அக்டோபர் 10ல இன்னும் மேல போய், வெள்ளை மாளிகை பட்ஜெட் ஆஃபீஸ் தலைவர் ரஸல் வாட் சொன்னபடியே, 4,000 பேருக்கு மேல வேலை நீக்க நோட்டீஸ். நோட்டீஸை ஆஃபீஸ் மெயிலுக்கு அனுப்பினா, ஃபர்லோல வீட்ல இருக்கிற பல பேர் அதை எங்க போய்ப் பாப்பாங்க! ஏஎஃப்ஜிஇயும் ஏஎஃப்எஸ்சிஎம்இங்கிற இன்னொரு யூனியனும் முன்னாடியே போட்டிருந்த கேஸ்ல, சான் ஃபிரான்சிஸ்கோல நீதிபதி சூசன் இல்ஸ்டன் நோட்டீஸ் வந்த அஞ்சே நாள்ல தடை போட்டாங்க. நவம்பர் ஒப்பந்தத்துல அந்த நோட்டீஸ் எல்லாம் ரத்து, ஜனவரி 30 வரை புதுசா ஆள்குறைப்பு கூடாதுன்னும் எழுதினாங்க. யூனியன் எதுக்குன்னு கேக்கிறவங்க இந்த ஒரு கேஸை மட்டும் பாத்தா போதும். இப்ப புரியுதா, ஜனவரி 30ங்கிற தேதி இவங்களுக்கு ஏன் ரெண்டு மடங்கு பயம்னு.

அக்டோபர் 27ல ஏஎஃப்ஜிஇ தலைவர் எவரெட் கெல்லி எந்த நிபந்தனையும் இல்லாம பணத்தை ஒதுக்கித் திறங்கன்னு அறிக்கை விட்டதும் டெமாக்ரட் நண்பர்கள் நிறைய பேர் கோவப்பட்டாங்க, முதுகுல குத்திட்டார்னு. ஹெல்த் இன்சூரன்ஸ் மானியத்துக்காக டெமாக்ரட்கள் நடத்தின சண்டை நியாயமானதுன்னுதான் நானும் நினைக்கிறேன். ஆனா கெல்லி சொன்னதுல தப்பே இல்ல. கட்சி சண்டை போடலாம், யூனியன் தலைவர் மெம்பரோட அடுப்பைத்தான் முதல்ல பாக்கணும். ரெண்டு கட்சியும் மாறி மாறி இதே ஆளுங்களைப் பணயமா வைக்குது, காங்கிரஸ் உறுப்பினருக்கு மட்டும் வருஷம் 1,74,000 டாலர் சம்பளம் ஒரு நாளும் நிக்காது.

சரி ஷட்டவுன் எப்பதான் முடியுது? 2019 ஜனவரி 25 காலைல கிழக்குக் கரை ஏர் டிராஃபிக் சென்டர்கள்ல விரல் விட்டு எண்ணுற அளவு கன்ட்ரோலர்கள் உடம்பு சரியில்லைன்னு வரல, நியூயார்க் லாகார்டியாவுக்குப் போற விமானங்களை நிறுத்தினாங்க, அன்னைக்கே டிரம்ப் திறக்க ஒத்துக்கிட்டார். 2025 நவம்பர்லயும் ஆள் பத்தாம 40 ஏர்போர்ட்ல விமானங்களைக் குறைச்சதும்தான் சூடு பிடிச்சுது. யூனியன் ரெண்டு தடவையும் நாங்க யாரையும் லீவு போடச் சொல்லல, சொல்லவும் மாட்டோம்னு தெளிவா சொல்லுச்சு, வேற என்ன சொல்ல முடியும், 1981 ஞாபகம் இருக்குல்ல. அப்புறம் ஒரு நாளும் லீவு எடுக்காதவங்களுக்கு 10,000 டாலர் போனஸ்னு அறிவிச்சு கடைசில குடுத்தது 776 பேருக்கு. சம்பளம் வராததால பிள்ளையை டேகேர்ல விட முடியாம ஒரு நாள் லீவு போட்டவனுக்கு அது கிடையாது.

என்ன பண்ணலாம்னு கேட்டா, பட்ஜெட் பாஸாகலைன்னா பழைய அளவுலயே பணம் தானா தொடரும்னு ஒரு சட்டம் போட்டா முடிஞ்சுது. மிரட்ட ஒரு ஆயுதம் கைல இருக்கட்டும்னுதான் எவனும் போட மாட்டேங்கிறான். 2025 டிசம்பர்ல காங்கிரஸோட கீழ் சபையான ஹவுஸ்ல, யூனியனோட பேர உரிமையைத் திருப்பித் தர்ற பில் சில ரிபப்ளிகன் ஓட்டோடயே பாஸாச்சு, ஆனா செனட்டைத் தாண்டணும், அப்புறம் டிரம்ப் கையெழுத்து போடணும், எனக்கு நம்பிக்கை இல்ல.

கடைசியா, இந்தப் பாக்கி சம்பளம்கூட இல்லாத ஒரு கூட்டம் இருக்கு. வாஷிங்டன் ஆஃபீஸ் பில்டிங்கைத் துடைக்கிறவங்க, கேன்டீன்ல சமைக்கிறவங்க, வாசல்ல நிக்கிற செக்யூரிட்டி. கான்ட்ராக்ட் கம்பெனி ஆளுங்க, 2019ல போன 35 நாள் சம்பளம் போனதுதான். இவங்கள்ல நிறைய பேர் 32பிஜேங்கிற யூனியன்ல இருக்காங்க, இவங்களுக்கும் பாக்கி சம்பளம் குடுக்க செனட்டர் டினா ஸ்மித் 2019ல கொண்டு வந்த பில்லை ஒவ்வொரு தடவையும் திரும்ப எடுத்துட்டு வர்றாங்க, இன்னும் பாஸாகல.