புறவாசலுக்கு ஒரு வரைபடம்

பேரன்: ஆச்சி, இந்தத் தோட்ட வரைபடத்தைப் பார்த்து எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.

ஆச்சி: ஓரத்தில் தென்னை, அதன் நிழலில் வாழை, வாழைக்கு அடியில் சேம்பு. சென்ற வாரம் நீ பொக்லைன் வைத்துத் தோண்டி எறிந்த நம் புறவாசலை, யாரோ மனம் பொறுக்காமல் நினைவிலிருந்து வரைந்து கொடுத்திருக்கிறார்கள். யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும்.

பேரன்: இது பழைய புறவாசல் இல்லை, ஆச்சி, இனிமேல் அமைக்கப்போகும் வெப்பமண்டலத் தோட்டம். வடிவமைப்பாளர் இந்தத் தாளுக்கு மட்டும் 18,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்.

ஆச்சி: பொக்லைன்காரனுக்கு எவ்வளவு கொடுத்தாய்?

பேரன்: 6,000 ரூபாய்.

ஆச்சி: ஆக, இருந்ததை எடுக்க 6,000, எடுத்தது என்னவென்று தெரிந்துகொள்ள 18,000. மேலே சொல்.

பேரன்: நீங்கள் தென்னை என்று நினைப்பது ஆஸ்திரேலியாவின் ஃபாக்ஸ்டெயில் பாம். சேம்பு என்று நினைப்பது எலிஃபன்ட் இயர், அதாவது யானைக்காது. நர்சரியில் ஒரு தொட்டி 450 ரூபாய்.

ஆச்சி: யானைக்காதும் சேம்புதான், ஐயா. அங்கணத்துத் தண்ணீர் ஓடும் வழியில் யாரும் நடாமலே முளைத்துக் கிடந்தது. அதன் கிழங்கைப் புளிக்குழம்பில் போட்டால் இரண்டாம் முறையும் சோறு கேட்பாயே, அப்போது உனக்கு யானை தெரியவில்லையா?

பேரன்: வாழை போலத் தெரிவது ஹெலிகோனியா. தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா பக்கத்துச் செடி. வாழைக்கு உறவுதான், ஆனால் தார் போடாது. பூ மட்டும் நண்டுக் கொடுக்கைப் போலத் தொங்கும்.

ஆச்சி: சீர் செய்யாத உறவு. மேலே சொல்.

பேரன்: பாலித் தீவில் இப்படித்தான் தோட்டம் போடுகிறார்கள். அந்தத் தீவு நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 8 பாகை சொச்சத்தில் இருக்கிறது, நம் ஊர் வடக்கே 8 பாகை சொச்சத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே தொலைவு!

ஆச்சி: அப்படியானால் பாலியில் யாராவது பாளையங்கோட்டைத் தோட்டம் போடுகிறார்களா?

(இந்த இடத்தில் பேரன் கைபேசியைப் பார்ப்பதாகப் பாவனை செய்கிறான். பதினெட்டாயிரம் கொடுத்த எவரும் இந்த இடத்தில் அதைத்தான் செய்வார்கள்.)

ஆச்சி: தொலைவு ஒன்றாக இருந்தால் மழையும் ஒன்றாகிவிடுமா? ஆனியிலும் ஆடியிலும் மேற்கே இருந்து வரும் மழையைப் பொதிகைமலை தன் மேல் இறக்கிக்கொண்டு, நமக்குக் காற்றை மட்டும் அனுப்பி வைக்கிறது. நாம் ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் காத்துக் கிடக்கிறோம். கயத்தாற்றில் காற்றாலையைச் சுழற்றுகிற அந்த மேல்காற்றுக்கு முட்டுக்கொடுத்த ஏத்தன் வாழையே சாய்கிறதே, உன் நண்டுக்கொடுக்கு எத்தனை நாள் நிற்கும்?

பேரன்: அதற்காகத்தான் மூன்று அடுக்காக நடுகிறோம், ஆச்சி. உயரமான மரங்கள் நிழல் தரும், நடுவில் உள்ள அகன்ற இலைகள் காற்றைத் தடுக்கும், தரையை மூடிப் படரும் செடிகள் மண்ணின் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளும். போதாததற்குப் பனித்திவலை தெளிக்கும் இயந்திரம் ஒன்றும் வாங்குகிறோம்.

ஆச்சி: குற்றாலத்துச் சாரலுக்கு மோட்டார் வைக்கிறாய். தண்ணீர்?

பேரன்: ஆழ்துளைக் கிணறு, 400 அடி.

ஆச்சி: அங்கணத்துத் தண்ணீரை என்ன செய்தாய்?

பேரன்: குழாய் பதித்துத் தெருச் சாக்கடையில் விட்டுவிட்டோம்.

ஆச்சி: பாத்திரம் கழுவிய தண்ணீரில் நாற்பது வருடம் தார் தள்ளிய வாழையைப் பிடுங்கிவிட்டு, அந்தத் தண்ணீரைத் தெருவில் விட்டு, 400 அடிக்குக் கீழே இருப்பதை மேலே இழுத்து, காய்க்காத வாழைக்கு ஊற்றப் போகிறாய். இதையும் அவர் அந்தத் தாளில் வரைந்திருக்கிறாரா?

பேரன்: நுழைவாயிலுக்கு வரைந்திருப்பதைப் பாருங்கள், ஆச்சி. மடகாஸ்கர் நாட்டு விசிறிவாழை. மட்டைகளின் அடியில் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கும், வழிப்போக்கர்கள் குடிக்கலாம் என்பார்கள்.

ஆச்சி: நம் வாசலில் அதை எந்த வழிப்போக்கன் குடிக்கப் போகிறான்? கொசுதான் குடியிருக்கும். பின்புறம் கிடக்கும் சிரட்டையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் நின்றாலே எச்சரித்துவிட்டுப் போகும் மாநகராட்சிப் பணியாளருக்கு, 30 அடி உயரத்துச் சிரட்டையைக் காட்டப் போகிறாய். அதன் விலை?

பேரன்: அதை மட்டும் கேட்காதீர்கள்.

ஆச்சி: கேட்கவில்லை. பால்காய்ப்புக்கு எத்தனை இலை வேண்டும்?

பேரன்: மூன்று பந்திக்கு இருநூறு இலையாவது வேண்டும். டவுன் மார்க்கெட்டில் சொல்லி வைக்க வேண்டும். முகூர்த்த நாள் என்பதால் இலைக்கட்டு யானை விலை விற்கும்.

ஆச்சி: யானை விலையா? யானைக்காதில் பரிமாறலாமே. எதற்கும் அந்த வடிவமைப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். அதற்குத் தனிக் கட்டணம் இருந்தால் கேட்க வேண்டாம்.