தாத்தா சீக்கிரமே வந்துவிடுவார்

(பாட்டியின் வீட்டுக் கூடம். சுவரில் நின்றுபோன கடிகாரம். அதற்கு நேர் கீழே ஒரு ஸ்டூல். பேத்தி அதில் ஏறி நிற்காமல், உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பேட்டரி மாற்றத்தான் வந்தாள். வந்து அரை மணி நேரம் ஆகிறது.)

பாட்டி: ஸ்டூலை ஏறி நிற்பதற்குத்தான் போட்டேன்.

பேத்தி: இரு பாட்டி. நீதானே சொன்னாய்? அடுத்த மாதம் தாத்தா போய் மூன்று வருஷம், வழக்கமானதை எல்லாம் அப்பா செய்துவிடுவார், நாம் இரண்டு பேரும் தனியாக ஏதாவது செய்யலாம் என்று. எந்தெந்த நாட்டில் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்து வைத்திருக்கிறேன்.

பாட்டி: சரி, சொல். ஆனால் எதுவாக இருந்தாலும் உன் தாத்தா ஒத்துக்கொள்ள வேண்டும்.

பேத்தி: அவரை எங்கே போய்க் கேட்பது?

பாட்டி: 51 வருஷம் கூட இருந்திருக்கிறேன். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாதா? பெரும்பாலும் "எதற்கு இதெல்லாம்?" என்பார்.

பேத்தி: முதலில் மெக்சிகோ. நவம்பர் 1, 2 இரண்டு நாளும் இறந்தவர்கள் வீட்டுக்கு வருவார்களாம். முதல் நாள் குழந்தைகள், இரண்டாம் நாள் பெரியவர்கள். வீட்டில் மேடை மாதிரி ஒன்று அமைத்து, அவர்கள் படம், மெழுகுவத்தி, வந்த களைப்புக்குத் தண்ணீர், அப்புறம் அவர்களுக்குப் பிடித்த சாமான்கள் எல்லாம் வைப்பார்கள். வழி தெரிவதற்காகச் செண்டுப்பூ இதழ்களைத் தெருவிலிருந்து வீட்டுக்குள் வரை தூவுவார்கள். அந்த நிறத்தையும் வாசனையையும் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்களாம்.

பாட்டி: கூட்டுவது யார்?

பேத்தி: என்ன?

பாட்டி: தெருவிலிருந்து வீடு வரைக்கும் இதழ் கிடக்கிறதே, அதைக் கூட்டுவது யார்? உன் தாத்தா வந்ததும் முதலில் அதைத்தான் கேட்பார்.

பேத்தி: அதை விடு. பிடித்தது என்று எதை வைப்போம்?

பாட்டி: யாரும் பிரிக்காத செய்தித்தாள்.

பேத்தி: அவ்வளவுதானா?

பாட்டி: அவ்வளவுதான். அவருக்கு முன்னால் யாராவது பிரித்துவிட்டால், அன்றைக்கு உலகத்தில் நடந்தது எல்லாமே பழைய செய்தி என்பார். மேலே சொல்.

பேத்தி: மெக்சிகோ நகரத்தில் இதற்காக ஒரு பெரிய ஊர்வலம் நடக்கிறது. அது பழங்கால வழக்கம் இல்லை. ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்தில் அப்படி ஓர் ஊர்வலத்தைக் காட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு 2016இல் நிஜமாகவே நடத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

பாட்டி: அதனால் என்ன? எல்லாச் சடங்கையும் யாரோ ஒருவர் ஒரு நாள் புதிதாகத்தானே ஆரம்பித்திருப்பார்.

(இந்தக் கேள்விக்குப் பேத்தியிடம் பதில் இல்லை. இதை எழுதுகிறவரிடமும் இல்லை.)

பேத்தி: அடுத்தது மடகாஸ்கர். அங்கே மேட்டுநிலத்து மக்கள் ஐந்து வருஷத்துக்கோ ஏழு வருஷத்துக்கோ ஒரு முறை கல்லறையைத் திறந்து, உடலை வெளியே எடுத்து, புதுப் பட்டுத் துணி சுற்றுவார்கள். பிறகு மேளதாளத்தோடு அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கல்லறையைச் சுற்றி ஆடுவார்கள். குடும்பத்தில் யாருக்குக் கல்யாணம் ஆயிற்று, யாருக்குப் பிள்ளை பிறந்தது என்றெல்லாம் அவர்களிடம் சொல்வார்கள். ஃபமதிஹானா என்று பெயர்.

பாட்டி: ஏழு வருஷத்துக்கு ஒரு புதுத் துணியா? உன் தாத்தா ஒரே சட்டையை 11 வருஷம் போட்டார். சுற்றியதைப் பிரிக்கும்போதே எழுந்து, "இது நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு இதெல்லாம்?" என்பார்.

பேத்தி: அப்படியானால் இந்தோனேசியாவில், சுலவேசித் தீவில் தொராஜா மக்கள். அங்கே ஒருவர் இறந்ததும் இறந்துவிட்டார் என்றே சொல்வதில்லை. "உடம்பு சரியில்லை" என்பார்கள். பெரிய சடங்குக்கு எருமைகள் எல்லாம் தேவை, பணம் சேர வேண்டும். அதுவரை உடலைப் பதப்படுத்தி வீட்டிலேயே வைத்திருப்பார்கள். மாதக்கணக்காக, சில வீடுகளில் வருஷக்கணக்காக. சாப்பாடு வைப்பார்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார்கள்.

பாட்டி: அவர் பதில் சொல்ல மாட்டாரே?

பேத்தி: எப்படிச் சொல்வார், பாட்டி?

பாட்டி: நான் பேசினால் உன் தாத்தா உயிரோடு இருந்தபோதே பதில் சொன்னதில்லை. அங்கே பிறந்திருந்தால், அவர் போன விஷயம் எனக்குத் தெரியவே ஒரு மாதம் ஆகியிருக்கும்.

பேத்தி: சீனா போவோம். ஏப்ரல் 4 அல்லது 5ஆம் தேதி சிங்மிங் திருநாள். குடும்பமாகப் போய்க் கல்லறையைக் கூட்டிச் சுத்தம் செய்வார்கள். அப்புறம் காகிதத்தில் செய்த பணத்தை எரிப்பார்கள். அது மேல் உலகத்தில் இருக்கிறவர்களுக்குப் போய்ச் சேருமாம். இப்போதெல்லாம் காகித வீடு, காகிதக் கார், காகித போன் கூட எரிக்கிறார்கள்.

பாட்டி: பணத்தை எரிப்பதா? நெருப்புக்குள் கையை விட்டு அதை வெளியே எடுத்துவிடுவார்.

பேத்தி: நிஜப் பணம் இல்லை பாட்டி. அதற்கென்றே அச்சடிக்கிற நோட்டு. ஒரே நோட்டில் கோடிக்கணக்கான தொகை போட்டிருக்கும்.

பாட்டி: அவ்வளவு பெரிய நோட்டுக்கு அங்கே யார் சில்லறை கொடுப்பார்கள்? வேண்டாம். போனும் வேண்டாம். அங்கே போயும் மிஸ்டு கால்தான் கொடுப்பார். எடுப்பதா வேண்டாமா என்று நான் தவிக்க வேண்டும்.

பேத்தி: கானாவில் அக்ரா நகரத்துப் பக்கம், தெஷி என்கிற ஊரில் சவப்பெட்டியையே அவரவர் வாழ்ந்த வாழ்க்கைக்கு ஏற்ற மாதிரி செய்கிறார்கள். மீனவருக்கு மீன் வடிவம், கோகோ பயிரிட்டவருக்குக் கோகோ காய், விமானம், செருப்பு என்று...

பாட்டி: உன் தாத்தாவுக்குக் குடை. யோசிக்கவே வேண்டாம்.

பேத்தி: எந்த நாளும் கையில் குடை இருக்கும், இல்லையா?

பாட்டி: கையில் இருக்கும், விரிக்க மாட்டார். நனைந்தால் குடை வீணாகிவிடுமாம். மழையில் அந்தக் குடையைச் சட்டைக்குள் வைத்து, நனையாமல் காப்பாற்றிக் கொண்டுவருவார். இதோ, மூலையில் அப்படியே புதிதாக இருக்கிறது.

பேத்தி: (குறித்துக்கொண்டே) உனக்கு என்ன வடிவம் வேண்டும், பாட்டி?

பாட்டி: சாவிக்கொத்து. என்னோடு அதுவும் போகட்டும். பீரோ சாவி எங்கே என்று அப்புறம் யாரையும் கேட்க முடியாமல் தவியுங்கள்.

பேத்தி: எனக்கு ரொம்பப் பிடித்தது ஜப்பான்தான். ஓபோன் என்று ஒன்று. பெரும்பாலான இடங்களில் ஆகஸ்டு 13இலிருந்து 16 வரை. முதல் நாள் வாசலில் சின்னதாக நெருப்பு மூட்டி முன்னோர்களை வரவேற்பார்கள். அவர்கள் வந்து போக வாகனம் வேண்டுமே? வெள்ளரிக்காயில் நான்கு குச்சி செருகினால் குதிரை. கத்தரிக்காயில் செருகினால் மாடு. வரும்போது குதிரையில் வேகமாக வர வேண்டும், போகும்போது மாட்டில் மெதுவாகப் போக வேண்டும்.

(பாட்டி முதல் முறையாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்கிறாள்.)

பாட்டி: நல்ல யோசனை. யார் யோசித்தார்களோ, அந்த வீட்டில் யாரோ ஒரு கிழவி இருந்திருக்கிறாள்.

பேத்தி: அப்போது இதையே செய்வோமா?

பாட்டி: செய்யலாம். ஆனால் இவரிடம் பலிக்காது. 13ஆம் தேதி வரச் சொன்னால் 11ஆம் தேதியே வந்து வாசலில் நிற்பார். நீ இன்னும் வெள்ளரிக்காயே வாங்கியிருக்க மாட்டாய். இந்தக் கடிகாரத்தைக் கால் மணி நேரம் கூட்டி வைத்தது யார் என்று நினைத்தாய்?

பேத்தி: வீட்டில் எல்லோருக்கும் அது தெரியுமே. கால் மணி நேரத்தைக் கழித்துக்கொண்டு அப்புறம்தான் கிளம்புவோம்.

பாட்டி: எல்லோரும் கழித்துக்கொள்வோம். கூட்டி வைத்தவர் மட்டும் அதை மறந்துவிட்டு ஏமாறுவார். ரயிலுக்கு அவர் போகிற நேரத்துக்கு, அதற்கு முந்தைய ரயிலே வந்திருக்காது. போகும்போதும் அந்த மாட்டில் ஏற மாட்டார். குதிரையைக் காட்டி, "இதையே திருப்பி விடு, நேரமாகிறது" என்பார்.

பேத்தி: கியோத்தோ நகரத்தில் 16ஆம் தேதி ராத்திரி, அவர்களை வழியனுப்ப ஐந்து மலைகளில் பெரிய பெரிய நெருப்பு மூட்டுவார்களாம்.

பாட்டி: ஐந்து மலையிலுமா? ஆள் இல்லாத அறையில் ஒரு விளக்கு எரிந்தால் பொறுக்காத மனிதர். ஐந்து மலையும் ஏறி அணைத்துவிட்டுத்தான் போவார்.

பேத்தி: சரி, இவரை வரவழைப்பதே கஷ்டம் போலிருக்கிறது. பழைய ரோமில் நேர் எதிராகச் செய்தார்கள். மே மாதத்தில் மூன்று ராத்திரி லெமூரியா என்று ஒன்று. குடும்பத் தலைவர் நடு ராத்திரியில் வெறுங்காலோடு நடந்து, திரும்பிப் பார்க்காமல் கறுப்பு அவரை விதைகளை முதுகுக்குப் பின்னால் வீசுவார். ஆவிகள் அதைப் பொறுக்கிக்கொள்ளுமாம். அப்புறம் வெண்கலத்தைத் தட்டி, "முன்னோர்களே, வெளியே போங்கள்" என்று ஒன்பது முறை சொல்வார்.

பாட்டி: ஒன்பது முறையா? உன் தாத்தாவுக்கு ஒரு முறை சொன்னால் போதும், ரோஷம் வந்துவிடும். அப்புறம் யார் சமாதானம் செய்வது? அது வேண்டாம்.

பேத்தி: விக்டோரியா ராணி இருக்கிறாளே, அவள் கணவர் ஆல்பர்ட் 1861இல் இறந்துபோனார். 1901இல் அவள் சாகிற வரை, கிட்டத்தட்ட 40 வருஷம் கறுப்பு உடைதான். அவர் அறையில் தினமும் அவர் உடைகளை எடுத்து வைக்க வேண்டும், சவரத்துக்கு வெந்நீர் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று உத்தரவு.

பாட்டி: 40 வருஷமா! வெந்நீர் போட்டது யார்? ராணியா?

பேத்தி: இல்லை. வேலைக்காரர்கள்.

பாட்டி: அதானே பார்த்தேன். வேறு யாராவது வெந்நீர் போடுவதாக இருந்தால் நான் 80 வருஷம் கூடத் துக்கம் காப்பேன்.

பேத்தி: கடைசியாக ஒன்று, பாட்டி. இது உனக்குப் பிடிக்கும். ருமேனியாவில் சபிந்த்ஸா என்று ஒரு கிராமம். அங்கே இருக்கிற கல்லறைத் தோட்டத்துக்கே "சிரிக்கும் கல்லறை" என்றுதான் பெயர். 1935இல் ஒரு மரச்சிற்பி தொடங்கி வைத்தார். ஓக் மரத்தில் சிலுவை செய்து, நீலம் பூசி, இறந்தவரின் படத்தைச் செதுக்கி, கீழே அவரே பேசுகிற மாதிரி ஒரு பாட்டு எழுதுவார். குடித்தவன் குடித்தேன் என்பான். மாமியாரைக் கிண்டல் செய்கிற பாட்டு கூட உண்டு. 1977இல் அந்தச் சிற்பி இறந்த பிறகு அவருடைய சீடர் தொடர்ந்து செய்தார்.

பாட்டி: செத்தவரை நல்லவர் வல்லவர் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லையா?

பேத்தி: இல்லை. உள்ளதை உள்ளபடி எழுதலாம்.

பாட்டி: அந்தப் பேனாவை எடு.

(பத்து நிமிடம் கழிகிறது. அடித்தல், திருத்தல், ஒருமுறை சண்டை. நாலாவது வரியில் தாத்தாவின் குறட்டையைச் சேர்க்க வேண்டும் என்று பேத்தியும், அது குடும்ப விஷயம் என்று பாட்டியும். பாட்டி ஜெயிக்கிறாள்.)

பேத்தி: படிக்கிறேன், கேள்.

கால்மணி கூட்டிக் கடிகாரம் வைத்திருந்தேன்;
காலனும் அதைப் பார்த்துக் கால்மணி முன்வந்தான்.
விரிக்காத குடையொன்று மூலையிலே நிற்கிறது;
விரித்தவர் யாரென்று வந்து நான் கேட்பேன்.

(இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆகிறது. பாட்டி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். எதற்கு என்று பேத்தி கேட்கவில்லை.)

பாட்டி: முன்னால் போய் இடம் பிடித்து வைப்பது அவர் பழக்கம். எங்கே போனாலும் பக்கத்து நாற்காலியில் ஒரு துண்டைப் போட்டு வைத்திருப்பார். நான் மெதுவாகத்தான் போவேன். போனதும், "இவ்வளவு நேரமா?" என்று ஒரு சத்தம்.

பேத்தி: அப்போது இந்தப் பாட்டுதான். முடிவாயிற்றா?

பாட்டி: முடிவாயிற்று. உன் அப்பாவிடம் காட்டாதே.

பேத்தி: இங்கிலாந்தில் இன்னொரு பழக்கம் இருந்ததாம். வீட்டில் ஒருவர் இறந்தால், அந்த நிமிஷத்திலேயே கடிகாரத்தை நிறுத்திவிடுவார்கள்.

பாட்டி: இந்தக் கடிகாரத்தை நிறுத்தியிருந்தால், அவர் போனதே கால் மணி நேரம் தள்ளிப் பதிவாகியிருக்கும். பேசியது போதும், ஏறு.

(பேத்தி ஸ்டூலில் ஏறுகிறாள். பழைய பேட்டரி வெளியே, புதியது உள்ளே. முள் நகர ஆரம்பிக்கிறது.)

பேத்தி: ஓடுகிறது பாட்டி. மணி என்ன... ஐந்தே கால்.

பாட்டி: ஐந்தரை வை.

பேத்தி: ஐந்தே கால்தான் பாட்டி. இதோ, போனில் பார்.

பாட்டி: எனக்குத் தெரியும். ஐந்தரை வை. சீக்கிரம், நேரமாகிறது.